வாய் வைக்கும் இடத்தில் பல்தடம்

பெலிக்ஸ் அப்பா,

சோறும் நெத்திலிச் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். ஏலத்தில் பழைய வாத்தியம் எடுத்து விற்கும் டொமினிக் இன்று சாயங்காலம் நம் பிள்ளையின் கிளாரினெட்டை வாங்க வருகிறார். அலமாரிச் சாவி மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

போன வாரம் அவர் வாய் வைக்கும் முனையைத் திருப்பிப் பார்த்து, “பல்லுத் தடம் ஆழமா பதிஞ்சிருக்கு லா அக்கா, பாதி வெலைக்குத்தான் போவும்” என்றார். பெலிக்ஸைப் புதைத்த பிறகு அவன் உடம்பின் அடையாளமாக நமக்கு மிஞ்சியது அந்தத் தடம் ஒன்றுதான். நேற்று நீங்கள் அதையும் மணல்தாளால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டீர்கள்.

இனி முழு விலை தருவார். கொடுத்துவிடுங்கள்.

நான் தெலுக் இந்தானுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட ஆள் அனுப்ப வேண்டாம்.

ஃபிலோமினா

தேய்த்த தூளை எங்கே கொட்டினீர்கள்? குப்பைக்கூடை முழுக்கத் தேடிவிட்டேன்.