பேசாப்படத்தில் கேட்ட குரல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று வகுப்பில் பழைய பிரிட்டிஷ் பேசாப்படம் ஒன்று போட்டார்கள். வங்கிக் கொள்ளைக் கதை. காசாளர் கைகளைத் தூக்கியதும், பின்வரிசை ரயன் அவருக்குக் குரல் கொடுத்தான்: "முருகா! முருகா!" புரியாமலே எல்லோரும் சிரித்தார்கள். அங்கே தமிழ் தெரிந்தவள் நான் மட்டும்தான்.

போன மாதம் எங்கள் டெய்ரிக்குள், அதாவது எங்கள் சின்ன மளிகைக் கடைக்குள், முகமூடிக் கொள்ளையர்கள் புகுந்து சுத்தியலை ஓங்கியபோது அப்பா அப்படித்தான் கத்தினார். பின்னறையில் ஒளிந்திருந்த எனக்கும் கேட்டது. கடையில் வேறு யாரும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். ரயன் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அம்மாவிடம் சொன்னேன். "வாயைத் திறவாதை பிள்ளை. அவங்களுக்குக் கடையும் தெரியும், இப்ப உன்னையும் தெரியும்" என்றார். படத்தில் என்றால் எல்லாக் கள்ளர்களும் பிடிபடுகிறார்கள்.

ரயனைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. விடிந்ததும் தனியாகப் போய்க் கடையைத் திறப்பார்.