இரண்டு வீட்டுக் குப்பைக்குழி

மழை விட்ட பிறகு இன்று காலை கொல்லைக் குப்பைக்குழியை மூடியிருந்த பழைய ஓலையை விலக்கினேன். ஆவி எழுந்தது. அழுகல் நாற்றம் இல்லை. உழுத காட்டில் முதல் தூறல் விழுந்தால் வருமே, அந்த வாசம். கருத்து உதிரியாகக் கிடந்த மண்ணைக் கையில் அள்ளியதும் உன் பேச்சு நினைவுக்கு வந்துவிட்டது.

இளைய மருமகளாக இந்த வீட்டுக்கு வந்த நீதான் குழி வெட்டச் சொன்னாய். அதுவரை காய்த்தோலையும் சருகையும் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தேன். "தெருவுல போட்டா அது தோலுங்க அக்கா. இங்க போட்டா மறுவருசத்துக் கத்தரிக்கா" என்றாய். தோல், சருகு, சாணம், அடுப்புச் சாம்பல் என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே மண் தூவி, காயாமல் தண்ணீர் தெளித்தோம். அவரையும் கத்தரியும் உரம் வாங்காமலே காய்த்தன. என் கணக்கில் காய்கறிச் செலவு எழுத வேலையில்லாமல் போன மாதங்கள் உண்டு.

பிறகு அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். நடுவே எழும்பிய சுவர் குழிக்கு முன்னால் நின்றுவிட்டது. மண் இளகல், அஸ்திவாரம் நிற்காது என்றார் கொத்தனார். எங்களோடு பேசவோ, ஒரு பிடி சோறு வாங்கவோ கூடாதென்று கொழுந்தனார் உன் கையைப் பிள்ளைகள் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கினார். நீ மீறவில்லை. உன்னை மீறச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. குழி மட்டும் பொதுவாகக் கிடந்தது. விடியலில் நீ கொட்டிப் போவாய். நான் வந்து பார்ப்பேன். வெங்காயத்தோல் கிடந்தால், உன் வீட்டில் குழம்பு வைத்திருக்கிறாய் என்று மனசு ஆறும்.

மழை பொய்த்த வருடம் உங்கள் கிணறு வற்றியது. மாடுகள் போயின. உன் பக்கத்திலிருந்து மரவள்ளித் தோல் மட்டும் வந்தது. பிறகு வெறும் சாம்பல். குழியோரம் நின்று அழுதேன். ஒரு மூட்டைக் கம்பை வேறு ஆள் மூலம் அனுப்பலாமா என்று என் வீட்டுக்காரரிடம் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றார்.

அந்த வாரமே குழி நிறைந்தது. பூசணித் தோல், முட்டைக்கோசு இலை, வாழைப்பூ மடல்.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பட்டினி கெடக்கறவன் ஊட்டுக் குப்பையா இது? நம்ம ஊட்டுலதான் வெறும் ரசம். நீ போயி அவங்கிட்டக் கம்பு வாங்கியா."

நானும் சிரித்தேன். திருச்செங்கோட்டு மலை இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன்.

தை பிறக்கும் முன்னே காய்ச்சலில் போய்விட்டாய். சாவு விழுந்த வீட்டுக்குள் வர என்னை யாரும் தடுக்கவில்லை. குளிப்பாட்டத் தூக்கியபோது உன் விலா எலும்பெல்லாம் என் விரல்களில் தட்டுப்பட்டது. "காய்ச்சலா இப்படித் தின்னுபோட்டுது?" என்றாள் ஒருத்தி. உன் மூத்த மகள்தான் என் காதோரம் சொன்னாள்.

"காய்ச்சல் இல்லீங்க பெரியம்மா. எங்களுக்குக் களியப் போட்டுட்டு, நான் உண்டுட்டேன்னுருவாங்க. நீங்க குழிகிட்ட நின்னு அழுததப் பாத்துட்டாங்க. அதுக்கப்பறம் சந்தை கலைஞ்சதும் போயி, கீழ கெடக்கற தோலு, எலையெல்லாம் மடியில அள்ளிட்டு வருவாங்க. தேறினது எங்க சட்டிக்கு, மிச்சம் குழிக்கு. பெரியம்மா வெசனப்படக் கூடாதும்பாங்க."

நான் கேட்ட கம்பு மூட்டையை அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் உன் வாசலில் இறக்கினார். கொழுந்தனார் தலை நிமிரவில்லை.

இப்போது உன் பிள்ளைகளுக்கும் என் அடுப்பில்தான் சோறு. குழிமண்ணில் காய்த்த கத்தரிக்காய்தான் குழம்பில் கிடக்கிறது. இரண்டு வீட்டுக்குமான தோலை நானே கொட்டுகிறேன், ஆனால் அதைப் பார்த்து எதையும் நம்புவதில்லை. "உண்டுட்டேங்க பெரியம்மா" என்கிறாள் உன் மகள், அச்சு உன் குரலில். நான் நகர்வதில்லை. அவள் கையைப் பிடித்து, சோற்று வாசம் இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கிறேன்.