பூசின மாதிரி

பாப்பாவின் அப்பாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

நான் ஆயாவாக இருக்கும் காப்பகத்துக்கு நேற்று ஒரு நர்ஸ் வந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார். ஒரு வாலு காலிக் கப்பைத் தொப்பியாக மாட்டிக்கொண்டு ஓடினான், ஒரே சிரிப்பு. நாங்கள் கொழுக்குமொழுக்கென்று கொஞ்சுகிற குழந்தையின் கப்பில் மட்டும் நுரை அடங்கவே இல்லை.

“இது சதை இல்லம்மா, நீர் கோத்த வீக்கம். கிட்னியில கோளாறு இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா சமாளிச்சிடலாம்” என்றார் நர்ஸ்.

எனக்கு உடனே நம் பாப்பா நினைப்புதான் வந்தது. போன வாரம் போனில், “பாப்பா பூசின மாதிரி இருக்கா, நீ அனுப்பின சாக்ஸ்கூட இறுக்குது” என்றீர்களே! நானும் பூரித்துப்போய் எல்லாரிடமும் அவள் படத்தைக் காட்டினேன்.

ஒன்றும் இருக்காது. பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் இதை எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். நாளைக் காலை அவள் எழுந்ததும், முகம் கழுவுமுன் இமையைப் படமெடுத்து அனுப்புங்கள். இந்த வீக்கம் காலையில் இமையில்தான் முதலில் தெரியுமாம். சாயங்காலப் படம் வேண்டாம், அதற்குள் வடிந்துவிடுமாம். முதல் சிறுநீரோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உங்கள் காலில் விழுகிறேன், லீவு போடுங்கள்.

நோஞ்சான், நோஞ்சான் என்று அத்தை அலுத்துக்கொள்வாரே, எனக்கு அந்த நோஞ்சானே போதும்.

இங்கே குழந்தைகள் தூங்கி எழுகிறார்கள். ஒவ்வொருவர் இமையையும் தடவிப் பார்க்கப் போகிறேன். அவள் இமைதான் எனக்கு எட்டவில்லை.