வரைபடத்தில் சாரல் இல்லை

29 ஜூலை 1986
காலையிலிருந்து சாரல். பள்ளிக்கூடப் பாவாடை காயவில்லை. கணக்குப் பரீட்சைக்கு ஒன்றும் படிக்கவில்லை.

வயலுக்குச் சோறு கொண்டுபோனேன். வரப்பு வழுக்கிக் கால் சேற்றுக்குள். எடுத்தால் தவிடு ஒட்டினாற்போல் பழுப்புப் பூச்சி. பயிரின் தூரை விலக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குச் சற்று மேலே அடை அடையாக. புகையான். சாறு முழுக்க உறிஞ்சிவிடும். பயிர் தீ வைத்தாற்போல் காயும்.

அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் கதி?

அண்ணன் கோயம்புத்தூரில் விவசாயம் படிக்கிறான். நடவுக்கு முன்னால் ஒரு வரைபடம் கொண்டுவந்தான். வெயில், மழை, காற்றின் ஈரம் எல்லாம் கம்ப்யூட்டரில் கொடுத்தால் எந்த ஊரில் எந்தப் பூச்சி பிழைக்கும் என்று சொல்லுமாம். அதில் எங்கள் பக்கம் வெள்ளை, அதாவது புகையான் பிழைக்காது. அப்பா நம்பி, காற்று போக இடைவெளி விடாமல் நெருக்கி நட்டார். யூரியாவும் கூடுதலாகப் போட்டார். இரண்டும் பூச்சிக்குத் தோது. கீழ்வயல் மாடசாமி அண்ணாச்சியிடமும், "எம் மவன் மிஷின்ல கேட்டுட்டு வந்திருக்கான்வே, நெருக்கி நடும்" என்றார். அவரும் அப்படியே.

30 ஜூலை
அண்ணன் லீவில் இங்கேதான் இருக்கிறான். இட்லி தின்னும்போது மெதுவாகக் கேட்டேன். மிஷினுக்கு எந்த ஊர் வெயிலைக் கொடுத்தாய்?
"பாளையங்கோட்டை. அங்கன உள்ள கணக்குதான் கெடைச்சுது."
"அங்கன ஆடியில சாரல் விழுமா?"
பிட்ட இட்லி கையிலேயே நின்றது. அங்கே இப்போது வெயில் கொளுத்தும். இங்கே குற்றாலத்துக் காற்று, போர்வை இல்லாமல் தூக்கம் கிடையாது.
"ஏட்டி, பூச்சியப் பாத்தியா? எங்க?"
"நம்ம வயல்ல."
"அப்பாட்ட சொல்லாத. சாரலையும் சேத்து மறுபடி கேட்டுட்டு வாரேன்."
மத்தியானப் பஸ்ஸில் போய்விட்டான். அதுவரை பூச்சி காத்திருக்குமா?

1 ஆகஸ்ட்
பக்கத்து வீட்டு விருந்தாளிகள் அருவியில் குளித்துவிட்டு வந்தார்கள். "என்னா தண்ணி! இன்னும் பத்து நா சாரல் நிக்காதாம்!" ஒரே கும்மாளம்.

வயல் நடுவே வட்டமாக மஞ்சள். சாப்பாட்டுத் தட்டு அளவு.

அம்மா: "ஏன்ட்டி சோறு எறங்கல?" பல்வலி என்றேன்.

தண்ணீரை வடித்தால் பூச்சி குறையும். நானே மடையைத் திறக்கலாமா? ஆனால் எங்கள் தண்ணீருக்குக் கீழ்வயலை விட்டால் வழி இல்லை. அண்ணாச்சிக்குச் சொல்லாமல் வடிக்க முடியாது. சொன்னால் ஊருக்கே தெரியும்.

2 ஆகஸ்ட்
சொல்லிவிட்டேன். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணனை அடிக்காதீங்க என்பதுதான் முதலில் வந்தது. பூச்சி, பாளையங்கோட்டை எல்லாம் பிறகு. அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார். நானும் பின்னால்.

அப்பா கீழ்வயலில் விஷயத்தைச் சொன்னதும், வரப்பில் நின்று அண்ணாச்சி கத்தினார்: "ஒம்ம மவன் மிஷினு இப்ப என்னவே சொல்லுது? எனக்கும்லா சேத்துக் குழி வெட்டிட்டீரு!"
அப்பா தலையைத் தூக்கவில்லை. "அவன் படிக்கிற பய. நெருக்கி நடச் சொன்னது நான். என்னைய ஏசும்."

அண்ணாச்சி ஏசினார். எழுத முடியாத ஏச்செல்லாம். அப்புறம் மண்வெட்டியைப் பிடுங்கி மடையை அவரே வெட்டினார். எங்கள் தண்ணீர் அவர் வயல் வழியாக ஓடையில் விழுந்தது.

சாயங்காலம் தூர் வெளியே தெரிந்தது. நாலு நாள் வெயில் அடித்தால் பாதிப் பயிராவது பிழைக்குமாம். இந்த மாசத்தில் குற்றாலநாதரிடம் வெயில் கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அம்மா புரள்கிறாள். விளக்கைச் சின்னதாக்கிவிட்டேன்.

ஓட்டின் மேல் சத்தம். எலியாக இருக்கும்.

இல்லை. சாரல்.