உப்புப் போட்ட சரிவில் ஆன்சல்

அன்புள்ள கோராவுக்கு,

என் வலது மணிக்கட்டைத் தவிர இங்கே எல்லோரும் எல்லாமும் நலம், நீயும் அந்தத் திராட்சைத் தோட்டத்து வெயிலில் நலமாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, நான் சொல்லச் சொல்ல எழுதுவது உன் தங்கை ஜூனி. அப்பா மாடியில் தூங்குகிறார், அவருக்குத் தெரியாமல் இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருக்கிறோம், மாடிப்படி லேசாக முனகினாலே இவள் பேனாவை வைத்துவிட்டுக் கதவைப் பார்க்கிறாள், காலையில் பள்ளிக்கூடம் வேறு. ஏன் இந்த ஒளிவுமறைவு என்று கேட்பாய், சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று, உன் தம்பி ஆன்சல் முழுசாக இருக்கிறான், அறுத்துத் தைத்த முட்டியும் முழுசாக இருக்கிறது, இன்று மதியம் இரண்டு தட்டு பீன்ஸ் தின்றுவிட்டுத்தான் கல்லூரிக்குத் திரும்பினான்.

நேற்று நம் மலையில் கல்லூரிப் பனிச்சறுக்குப் போட்டி. முட்டி சரியான பிறகு அணிக்காக அவன் இறங்கும் முதல் போட்டி இதுதான், நாளாவது நல்ல நாளாக இருந்திருக்கலாம், விடிந்ததிலிருந்து மழை. சரிவு முழுக்கக் கஞ்சி மாதிரிக் குழைந்து கிடந்தது. பனியை இறுக்க உப்புத் தூவும் வேலை வழக்கம்போல உன் அப்பாவுக்கு, முதல் சுற்று முடிந்ததும் மனிதர் கீழ்ச்சரிவில் மூட்டை மூட்டையாகக் கொட்டினார். வடக்குக் காற்று வருமா என்று பார்த்துவிட்டு உப்பில் கை வையுங்கள் என்று நீ இங்கே இருந்தபோது எத்தனை தடவை சொல்லியிருப்பாய், அவர் என்றைக்குக் கேட்டார். மதியம் காற்று திரும்பியது, மழை நின்றது, உப்புத் தின்ற பனி அப்படியே கண்ணாடியாக இறுகிவிட்டது, கூடவே மூடுபனியும் இறங்கிவிட்டது. உன் அப்பாவே நடுவர்களிடம் போய்ப் போட்டியை நிறுத்தச் சொன்னாராம், எல்லாக் கல்லூரிக்கும் ஒரே சரிவுதானே என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

இறங்குகிறவர்கள் ஒவ்வொரு கம்பத்தையும் சரியான பக்கமாகச் சுற்றுகிறார்களா என்று உட்கார்ந்து பார்க்க வர வேண்டியவர்கள், சாலை வழுக்கியதால் பாதிப் பேர் வரவில்லை. மேலே எனக்குக் கொடுத்திருந்த இடத்தை விட்டுவிட்டுக் கீழ்ச்சரிவுக்கு வரச் சொன்னார்கள், கம்பம் தவறியவர்களைக் குறிக்கும் அட்டையைப் பிடித்துக்கொண்டு ஜூனியும் கூட வந்தாள். உன் அப்பா இன்னும் கீழே, முடிவுக்கோட்டருகில் இருந்தார், மூடுபனியில் நாங்கள் அவர் கண்ணில் படவில்லை, மேலேயே இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு அணியில் மூன்று பேராவது முழுசாக இறங்கி வந்தால்தான் புள்ளி என்பது உனக்குத் தெரியும். நம் பையன்களில் மற்ற இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள், இன்னும் இரண்டு பேர் விழுந்து வெளியேறிவிட்டார்கள், மிச்சம் ஆன்சல் ஒருவன்தான். முதலில் பனிக்கட்டியைக் கீறும் சத்தம்தான் கேட்டது, அப்புறம் ஆள் தெரிந்தான், என் கண்ணெதிரே கால் வழுக்கி, இடுப்பில் விழுந்து, கம்பத்துக்குத் தப்பான பக்கமாகச் சறுக்கிப் போய்க் கொஞ்சம் கீழே நின்றான். எழுந்துவிட்டான். கண்ணில் மாட்டியிருந்த கண்ணாடி முழுக்கப் பனி, யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூட அவனுக்குத் தெரியாது, கையை உயர்த்தி, “கம்பம் சரியாப் போச்சுங்களா?” என்று கேட்டான்.

அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் போ, திரும்பு என்ற இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். போ என்றால் பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்திருப்பான், அட்டையைப் பார்த்துவிட்டு அப்புறம் அவன் பெயரை அடித்திருப்பார்கள், அணிக்கும் ஒன்றும் கிடைத்திருக்காது. திரும்பு என்றால் அந்த முட்டியை வைத்துக்கொண்டு அந்த வழுக்குப் பனி மேல் குறுக்கு வாட்டத்தில் ஏறி வந்து கம்பத்தைச் சுற்ற வேண்டும். கேட்டது அவன், நடந்ததைப் பார்த்தது நான். திரும்பு என்று சொன்னேன். ஏறினான் கோரா, ஒவ்வொரு அடியாக ஏறினான், ஒரு தடவை காலுக்கடியில் சறுக்கி ஏறினதில் பாதியை இழந்தான், மறுபடி ஏறினான். சுற்றி வந்து என்னைத் தாண்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. மூடுபனிக்குள் போய்விட்டான். கீழேயிருந்து கூச்சல் வந்த பிறகுதான் அவன் போய்ச் சேர்ந்தது தெரிந்தது. கடைசி ஆளாகத்தான் வந்தான், ஆனாலும் மூன்றாவது ஆள் வந்துவிட்டான், பயிற்சியாளர் லாவோய் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தாராம். இத்தனைக்கும் அப்புறம், வண்டி நிறுத்துமிடத்தில் சமதரையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டது நான்தான்.

இனி ரகசியம். நேற்றிரவு சாப்பாட்டு மேஜையில் உன் அப்பா, “பெத்த புள்ளையா இருந்தா அப்படித் திருப்பி அனுப்புவானா? அந்தக் கம்பத்துல எவன் உக்காந்திருந்தான்னு மட்டும் தெரியட்டும், மிச்ச உப்பை அவன் தலையில கொட்டுறேன்” என்றார். நான் சூப்பைக் குடித்தேன். ஜூனிக்குப் புரையேறிவிட்டது. ஆன்சல் மட்டும் நிமிராமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான், அப்புறம் நான் ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றான். கம்பத்தில் இருந்தது நான்தான் என்று தெரியுமா என்று அவனைக் கேட்டேன். “குரல் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சும்மா. வேற யாராவது சொல்லியிருந்தா நின்னு சண்டை போட்டிருப்பேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஏறிட்டேன்” என்றான். அதற்கப்புறம்தான் எனக்குக் கை வலிக்கவே ஆரம்பித்தது.

நீ வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பியில்லாமல் நிற்காதே, அந்த ஊர் வண்டிகளை இரவில் தனியாக ஓட்டாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் உப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய், கம்பத்தைப் பற்றி வாயைத் திறக்காதே, அதை நானே ஒரு நல்ல நேரம் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். கடவுள் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இடது கையால் கிறுக்கிய ஒப்பத்துடன்,
உன் அம்மா லினெட்

அக்கா, அம்மா உறை தேடப் போயிருக்கிறாள், அதற்குள் இதை எழுதுகிறேன். திரும்பு என்று சத்தமாகத்தான் சொன்னாள், குரல் நடுங்கவே இல்லை. ஆனால் அவன் ஏறி முடிக்கும் வரைக்கும் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் சிவந்திருக்கிறது, நான் அவளிடம் காட்டவில்லை. ஜூனி.