ஹர்தௌலுக்கு எழுதிய அழைப்பு

அன்புத் தம்பி பர்சாதிக்கு, அக்கா ரத்னி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாக, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்க எனக்கே பயமாக இருக்கிறது. சூரத்துக்கு வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்கள் திரும்பிவந்து சொன்ன விலாசத்தைத் தவிர, பதினோரு வருஷமாக உன்னைப் பற்றி வேறொன்றும் தெரியாது.

போன வாரம் நான் அனுப்பிய கல்யாண அழைப்பைப் பிரித்திருந்தால், அதில் உன் பெயர் இருந்திருக்காது. 'லாலா ஹர்தௌல் அவர்களுக்கு' என்று இருந்திருக்கும். செத்தவருக்கு வைப்பதை அக்கா எனக்கு அனுப்பிவிட்டாள் என்று நினைத்துவிடாதேடா. இரண்டு உறையிலும் ஒரே மஞ்சள், ஒரே அட்சதை. பாழாய்ப்போன அவசரத்தில் மாற்றிவிட்டேன்.

என் மகள் கேஸருக்கு வருகிற பௌர்ணமியில் கல்யாணம். நம் ஊரில் எந்தக் கல்யாணத்துக்கும் முதல் அழைப்பு ஹர்தௌல் சாமி மேடைக்குத்தானே? பெண்களெல்லாம் டோலக் தட்டிப் பாடிக்கொண்டு போனோம். அங்கே நான் வைத்த உறையை என் ஓரகத்தி பிரித்து, "பர்சாதி" என்று படித்தாள். பாட்டு நின்றுவிட்டது. "அடிப்பாவி, உசுரோட இருக்கறவனையா இங்க வந்து கூப்பிட்ட?" என்று கத்தினாள். எடுக்கப் போன என் கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். வைத்தது வைத்ததுதானாம், எடுத்தால் இன்னும் கேடாம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பேத்வா ஆறு வற்றிப் பாறையாகக் கிடக்கிறது. அந்தப் பாறைமேல் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்க்கிறேன், ஒருவரும் இருப்பதில்லை. நெய்க்கரண்டி லேசாக ஆடினாலும் பிடித்து நிறுத்துகிறேன். அண்ணியோடு சேர்த்துச் சந்தேகப்பட்டு, சொந்த அண்ணனே நஞ்சு வைத்துக் கொன்ற ஹர்தௌல், செத்த பிறகும் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியாமல் நெய்க்கரண்டி பிடித்துப் பந்தி பரிமாறினார் என்று சின்ன வயதில் நான் உனக்குச் சொன்னேன். "மூஞ்சியே தெரியலைன்னா அந்தத் தங்கச்சி அழுதிருக்க மாட்டாளாக்கா?" என்று கேட்டாய். அன்றைக்குச் சிரித்தேன்.

ஊர் வாய்க்குப் பயந்து, அண்ணி பெயரோடு உன் பெயரைச் சேர்த்து, நம் தேஷ்ராஜ் அண்ணன் உன் தட்டை எட்டி உதைத்தாரே, அப்போது நான் அடுப்படியில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தேன். நீ எந்தத் தப்பும் செய்யாதவன் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ரொட்டி கருகும் என்று அதைத் திருப்பினேன், நீ வீட்டைவிட்டுப் போய்விட்டாய். உனக்கு நஞ்சு வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

முந்தாநாள் அண்ணன் கல்யாணத்துக்குக் கோதுமை ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் வந்தார். ஓரகத்தி நடந்ததை அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் மூட்டையைக்கூட இறக்காமல், நேரே மேடைக்கு நடந்தார். என்னமோ ஏதோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். பெண்கள் தடுக்கத் தடுக்க, மேடையில் கிடந்த உன் அழைப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கேடு வந்தா எனக்கு வரட்டும். எந் தம்பி சாகலை" என்றார். இத்தனை வருஷமாக உன் பெயரைச் சொல்லவிடாத மனுஷன், அந்த மேடையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இதை அன்றைக்குச் செய்திருக்கக் கூடாதா?

அந்த அழைப்பைத்தான் இதோடு அனுப்புகிறேன். கசங்கியிருப்பது அவர் மடியில் இருந்ததால். உன்னிடம் வந்த ஹர்தௌல் அழைப்பைப் பத்திரமாக எடுத்துவா, அதை மேடையில் நாம் மூவருமாகச் சேர்ந்து வைக்கலாம்.

சீர் ஒன்றும் வேண்டாம், புடவை வேண்டாம், வளையல் வேண்டாம். ஹர்தௌல் எல்லாம் கொண்டுவந்தார், முகத்தை மட்டும் காட்டவில்லை. நீ வெறுங்கையோடு வாடா. பந்தியில் உன் தட்டை அண்ணன் போடுவார், நான் ரொட்டி வைப்பேன். நீ சாப்பிடுவதை நாங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

நூறு வயசு இரு, தம்பி.

உன் அக்கா,
ரத்னி