மாமா தேர்ந்தெடுத்த பெடல்

நவம்பர் 3, திங்கள்

காலையில் நல்ல குளிர். அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது. ஆறட்டும். எழுபது தாண்டிய பிறகு எழுத்துக் கற்று, என் நாளை என் கையாலேயே எழுதுகிறேன், எவ்வளவு சுகம்.

செய்தி இதுதான். எங்கள் பேட்டை மன்றத்து வாத்தியக் குழுவில் டிரம்ஸ் அடித்தவர் காது மந்தமாகி விலகிவிட்டார். அவர் இடத்தில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். டிரம்ஸ் மன்றத்துச் சொத்து. காலால் மிதித்துப் பெரிய டிரம்மை அடிக்கிற பெடல் மட்டும் அவருடையது. கழற்றிக்கொண்டு போய்விட்டார். எனக்கென்று ஒன்று வாங்க வேண்டும்.

கை ஓடுகிறது. லாரி ஓட்டிய காலமெல்லாம் ஸ்டியரிங் மேல் தாளம் போட்ட கை. கால்தான் புதுசு.

நவம்பர் 5, புதன்

கிதார் வாசிக்கும் கோர்டோர்தான் குழுத் தலைவர். இன்று சொன்னார்: “அண்ணே, டிசம்பர் ஆறாம் தேதி மன்றத்துல நம்ம நிகழ்ச்சி. அதுக்குள்ள உங்க கால் வழிக்கு வரணும். இல்லன்னா வெப்ஸ்டரோட கீபோர்டுல ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கினா டிரம்ஸ் தானா அடிக்கும்.”

வெப்ஸ்டர் உடனே அமுக்கிக் காட்டினார். “இதுக்கு வெத்தலை பாக்குகூட வேணாம் அண்ணே.”

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகிற மலை ஏற்றத்தில் பாதி வருவதற்குள் என் சிரிப்பு நின்றுவிட்டது. போயும் போயும் ஒரு பொத்தானுக்கா இடத்தை விடுவது?

நவம்பர் 8, சனி

போலீஸ் பஜார் வாத்தியக் கடைக்குப் போனேன். பெட்டிகளின் மேல் இருந்ததை எல்லாம் நின்று வாசித்தேன். பாதி புரியவில்லை. ஆனால் வாசித்தேன்.

கடைக்காரி மெர்லின்டா. முப்பது வயது இருக்கும். பேர் கேட்டாள், குலம் கேட்டாள். நான் கர்பூலி, அவளும் கர்பூலி. உடனே, “மாமா, உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எங்களில் குலம் அம்மா வழி; ஒரே குலம் என்றால் அவள் அம்மாவுக்கு நான் அண்ணன் முறை, அவளுக்குத் தாய்மாமன்.

மூன்று பெடல் எடுத்து வைத்தாள். ஒன்று வார் போட்டது. ஒன்று ஒற்றைச் சங்கிலி, லேசானது. மூன்றாவதில் இரட்டைச் சங்கிலி, அடியில் இரும்புத் தகடு. தூக்கினால் தோள் இறங்குகிறது. மிதித்துப் பார்த்தேன். என் பழைய லாரியின் கிளட்ச் மாதிரியே கெட்டி.

“இதுதான் சரி” என்றேன்.

ஏதோ சொல்ல வந்தாள். பிறகு, “மாமா சொன்னா சரிதான்” என்றாள்.

ஸ்பிரிங்கை இன்னும் முறுக்கச் சொன்னேன். முறுக்கிக் கொடுத்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கோயிலில் ஆராதனை. பெடலைத் தொடவில்லை. கட்டிலுக்கடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் 12, புதன்

மிதித்தால் முழங்க வேண்டிய டிரம், மூட்டையைத் தட்டியது போல ‘தொப்’ என்கிறது. பெடலின் சுத்தி டிரம்மின் தோலில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காலை எடுத்தால்தானே அது திரும்பும்? என் கால் எடுக்க மாட்டேன் என்கிறது.

கோர்டோர் கேட்டார்: “அண்ணே, டிரம் அடிக்கிறீங்களா, இறக்கத்துல பிரேக் பிடிக்கிறீங்களா?”

நவம்பர் 15, சனி

கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மகள் டபிஷா திட்டிக்கொண்டே எண்ணெய் தேய்த்தாள். கடைக்குட்டி; எங்களில் வீடு கடைசி மகளுக்குத்தான். அவள் அம்மாவுக்குப் பிறகு இது அவள் வீடு, திட்ட உரிமை உண்டு. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான்.

“பென்சிலையும் இப்படித்தான் அமுக்கி அமுக்கிக் காகிதத்தைக் கிழிச்சீங்க. எதையும் லேசாத் தொடவே தெரியாதாப்பா உங்களுக்கு?”

நவம்பர் 18, செவ்வாய்

இன்று பயிற்சியில் பொத்தான் டிரம்ஸ் அடித்தது. நான் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினேன்.

நவம்பர் 20, வியாழன்

பெடலில் ஏதோ கோளாறு என்று சொல்லத்தான் கடைக்குப் போனேன். உள்ளே ஒரு கல்லூரிப் பெண். மெர்லின்டா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “புதுசாக் கத்துக்கிறியா? அப்ப அந்தக் கனமானது பக்கமே போகாத. கால் செத்துரும். இந்த ஒத்தச் சங்கிலி எடு, ஸ்பிரிங்க தளர்த்தித் தர்றேன்.”

வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்தப் பெண் போனதும் கேட்டேன்: “ஏம்மா, இத எனக்கு ஏன் சொல்லல?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “மாமா இதுதான் சரின்னு சொன்னப்புறம் நான் என்ன சொல்றது?”

“சரி, இப்ப சொல்லு.”

“மாமா தப்புன்னு நான் எப்படி என் வாயால—” தலையைக் குனிந்துகொண்டாள். கெஞ்சிப் பார்த்தேன். அதட்டியும் பார்த்தேன். அதட்ட அதட்ட நான் இன்னும் பெரிய மாமாவாகிறேன். என்ன செய்ய?

திரும்பி வரும்போது ஒரு யோசனை. தங்கை வீட்டுக் கூரைக்குப் பச்சை அடிக்கச் சொன்னது நான்தான். அங்கேயும் நான் மாமா. அந்தப் பச்சை யாருக்காவது பிடித்திருக்குமா?

நவம்பர் 22, சனி

டபிஷாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அவளுடைய அம்மாவின் குலம். அவளுக்கு நான் வெறும் அப்பா, தப்பென்றால் முகத்துக்கு நேரே சொல்வாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, மெர்லின்டா எனக்கு முதுகைக் காட்டி நின்று அவளிடம் பேசினாள். “அக்கா, ஆரம்பத்துல லேசானதுதான் நல்லது. குதிகால் கீழ இருக்கட்டும். மிதிச்சதும் விட்டுடணும். சுத்தி தானாத் திரும்பி வரும்.”

டபிஷா என் பக்கம் திரும்பினாள். “கேட்டுச்சாப்பா? நீங்க எடுத்தது உங்களுக்கு ஆகாதாம். மிதிச்சா விடணுமாம். அது லாரி இல்லையாம்.”

“லாரின்னு நான் சொல்லல அக்கா” என்றாள் மெர்லின்டா பதறி.

“அத நான் சொல்றேன்.”

மெர்லின்டா ஒற்றைச் சங்கிலிப் பெடலை எடுத்து, ஸ்பிரிங்கைத் தளர்த்தி, கடை டிரம்மில் மாட்டினாள். மிதித்தேன். விட்டேன். சுத்தி தானாகவே திரும்பி வந்து என் காலுக்காகக் காத்து நின்றது. டிரம் முழங்கியது. அந்தச் சத்தம் வயிற்றுக்குள் இறங்கியது. இன்னொரு தரம் மிதித்தேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே.

கனமானதை அவளே திருப்பி எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இதைத் தந்தாள்.

நவம்பர் 27, வியாழன்

புதுப் பெடலோடு பயிற்சி. ஒரு பாட்டு முடிந்ததும் கோர்டோர் நேரே அடுத்த பாட்டுக்குப் போனார். வெப்ஸ்டரின் இரண்டு கையும் கீபோர்டுக் கட்டைகள் மேலேயே இருந்தன.

டிசம்பர் 5, வெள்ளி

நாளை நிகழ்ச்சி. சாப்பாடு இறங்கவில்லை. டபிஷா பன்றிக்கறி போட்ட சிவப்புச் சோறு ஆக்கி வைத்திருக்கிறாள். வாசனை நன்றாகத்தான் இருக்கிறது—கொஞ்சம் சாப்பிடுகிறேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

கோயிலுக்குப் போகுமுன் எழுதிவிடுகிறேன். நேற்று மன்றம் நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். எல்லாப் பாட்டுக்கும் நான்தான் அடித்தேன்.

முடிந்ததும் மெர்லின்டா மேடையோரம் வந்தாள். எங்கள் வழக்கப்படி என் கையில் பாக்கை வைத்தாள். நன்றாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னதை அவளும் சொல்வாள் என்றிருந்தேன்.

“மாமா, மூணாவது பாட்டுல நீங்க முந்திட்டீங்க.”

கோர்டோர் வேறு பக்கம் பார்த்தார். எனக்கோ வாயெல்லாம் பல்.

“எந்த இடத்துலம்மா?” என்றேன்.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டை முணுமுணுத்து, முழங்காலில் தட்டிக் காட்டினாள். ஆமாம், அங்கேதான்.